சத்து மாத்திரையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

"வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டால் பலரும் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். கால்சியம், இரும்பு, மல்டிவைட்டமின் எல்லாம் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இவற்றையும் மருந்தாகவே பார்ப்பது நல்லது.

தைராய்டுக்கான லெவோதைராக்சினை எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியமோ இரும்போ கூடவே உள்ளே போனால் குடலில் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும்; ரத்தத்தில் சேர வேண்டியது சேராது. ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் கூடும் ஹார்மோன்) ஏறும், அதைப் பார்த்துவிட்டு டோஸையும் ஏற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி விட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

பயோட்டின் என்ற வைட்டமின் வேறு ரகம். முடி வளர என்று அதிக அளவில் சாப்பிட்டால் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவு தப்பாக வரலாம். தைராய்டு பரிசோதனை மட்டுமல்ல, மாரடைப்பைக் கண்டுபிடிக்க உதவும் ட்ரோபோனினும் இதில் அடக்கம். ரத்தம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் வைட்டமின் கே விஷயத்திலும், சிறுநீரக நோய் உள்ளவர்கள் பொட்டாசியம், மெக்னீசியம் விஷயத்திலும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பெயரெல்லாம் யார் நினைவில் வைத்திருப்பது? டப்பாவின் பின்பக்கத்தை, அளவு தெரியும்படி, போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், பயந்துபோய் எல்லாவற்றையும் நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் பி12 மாத்திரையை டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கலாம்.