வேகாத செம்மறி இறைச்சி

தீபாவளிக்கு அக்கா குடும்பம் வருவதாகச் சொன்னதும் செம்மறி சமைக்க ஆசை வந்தது. நுவரெலியா டவுனில் மட்டன் என்று கேட்டால் வெள்ளாடுதான் தருவார்கள். செம்மறி என்றதும் கடைக்காரர் சிரித்தார். கடைசியில் ஒரு சுப்பர் மார்க்கட்டில், அவுஸ்திரேலியாவில் இருந்து உறையவைத்து வந்த கால் துண்டு அகப்பட்டது. விலையைக் கேட்காதீர்கள்.

அரைகுறையாகக் கரைந்த இறைச்சியை அப்படியே சட்டியில் போட்டேன். ஒன்றரை மணி நேரம் கொதித்தும் ரப்பர்தான். கொழுப்பு வாடை வேறு. "என்னடா தம்பி, செருப்பையா அவிச்ச?" என்றாள் அக்கா.

அப்புறம்தான் யோசித்தேன். இந்த ஊர் கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது.

டிசம்பர் லீவுக்கு அவர்கள் திரும்ப வந்தபோது, ஒரு நாள் முன்பே இறைச்சியை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் கரையவிட்டேன். வெள்ளைக் கொழுப்பை வெட்டி வீசினேன். வாடை பெரும்பாலும் அதில்தான். ஒரு கிலோவுக்கு ஒரு கரண்டி துருவிய பப்பாசிக்காய் பிசறி வைத்தேன், இறைச்சி மெதுவாக; அரை மணி நேரம் மட்டும். கூடினால் மாவாகிவிடும். வெங்காயம், இஞ்சி, பூண்டு, ரம்பை இலை, கறுவாவோடு வதக்கி, கறித்தூளும் தேங்காயின் இரண்டாம் பாலும் சேர்த்து, பிரஷர் குக்கரில் 25 நிமிடம். திறந்த பிறகு தேங்காயின் கட்டிப்பால், ஒரே ஒரு கொதி.

எலும்பு தானாகக் கழன்றது. மிச்சக் குழம்பை மறுநாள் ரொட்டிக்கென்று அக்கா டப்பாவில் எடுத்துக்கொண்டாள்.