அமெரிக்காவில் ட்ரக் ஓட்டுவோர் 11 மணி நேரத்தை அல்ல, 14 மணி நேரத்தைப் பார்க்க வேண்டும்

நீண்ட தூர ட்ரக் ஓட்ட வரும் புதியவர்கள் ‘ஒரு நாளைக்கு 11 மணி நேரம் ஓட்டலாம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஆளை மாட்டிவிடுவது 14 மணி நேர விதிதான். தொடர்ந்து 10 மணி நேர ஓய்வுக்குப் பிறகு எந்த வேலையைத் தொடங்கினாலும் அந்தக் கணக்கு ஆரம்பிக்கும். டயரைத் தட்டிப் பார்ப்பதும் வேலைதான். 14 மணி முடிந்தால், ஓட்டும் நேரம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது.

எனவே லோடை ஒப்புக்கொள்ளும் முன்பே கணக்குப் போடுங்கள். 500 மைல், சராசரி 50 மைல் வேகம் என்றால் ஓட்டுவதற்கு 10 மணி நேரம். வண்டிப் பரிசோதனை, டீசல், இடைவேளை மூன்றுக்கும் அரை அரை மணி. மிஞ்சுவது இரண்டரை மணிதான். கிடங்குக்காரர் மூன்று மணி நேரம் காக்க வைத்தால் அன்றைய திட்டம் குலைந்தது.

எட்டு மணி நேரம் ஓட்டிய பிறகு 30 நிமிட இடைவேளை கட்டாயம். 2020 செப்டம்பருக்குப் பிறகு, ஓட்டாமல் வேறு வேலை பார்த்தாலும் அது இடைவேளையாகச் செல்லும். டீசலும் பரிசோதனையும் சேர்ந்து இடைவெளியின்றி 30 நிமிடம் பிடித்தால் போதும். 28 நிமிடத்தில் கிளம்பிவிட்டால் அது இடைவேளையே அல்ல.

காத்திருப்பில் நேரம் போகாமல் காப்பாற்ற ஒரே நல்ல வழி ஓய்வைப் பிரிப்பது. ஒன்று ஸ்லீப்பரில் (வண்டிக் கேபினில் உள்ள படுக்கை) குறைந்தது 7 மணி, மற்றொன்று குறைந்தது 2 மணி. இரண்டும் சேர்ந்து குறைந்தது 10 ஆக வேண்டும். 7-3 சரி, 8-2 சரி, 7-2 செல்லாது. ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்:

காலை 5:00 பரிசோதனை. 5:30 முதல் 9:30 வரை ஓட்டம். 9:30 முதல் 12:30 வரை கிடங்கில் ஸ்லீப்பரில் ஓய்வு. லோடு வேலை 1:30 வரை. பிறகு இரவு 8:30 வரை 7 மணி ஓட்டம், மொத்தம் 11. காலை 5-லிருந்து பதினைந்தரை மணி ஆகிவிட்டது. ஆனால் பிரித்து எடுத்த ஓய்வு 14 மணிக் கணக்கில் சேராது; அந்த மூன்று மணி கழிவதால் பன்னிரண்டரைதான். அடுத்து அதிகாலை 3:30 வரை ஸ்லீப்பரில் 7 மணி.

இனி கணக்கு முதல் ஓய்வு முடிந்த 12:30-லிருந்து. அதன்பின் ஓட்டியது 7, ஆகவே மிச்சம் 4. 14 மணிக் கணக்கில் 8 போய்விட்டது, மிச்சம் 6. காலை 9:30 வரை. முழு 11 திரும்பக் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஓட்டுவதுதான் இங்கே வழக்கமான தவறு. இன்னொன்று: அந்த 7 மணி ஓய்வை ஆறே முக்கால் மணி நேரத்திலேயே முறித்தால், கழிந்த மூன்று மணியும் திரும்ப வந்து சேரும்; மாலை 7-க்கு மேல் ஓட்டியது முழுவதும் விதிமீறலாகிவிடும்.

எதிர்பாராத பனி, விபத்து நெரிசல் என்றால் 11, 14 இரண்டுக்கும் 2 மணி கூட்டிக்கொள்ளலாம். கிளம்பும்போதே தெரிந்திருந்தால் செல்லாது. கிடங்கில் தாமதம் அதில் சேராது. நேரத்தைக் கூட்டியதற்கான காரணத்தை லாகில் (வேலை நேரப் பதிவேடு) எழுதி வையுங்கள். சொந்தப் பயணம் என்று லாகில் போட்டுவிட்டு அடுத்த டெலிவரியை நோக்கி நகர்வதும் பிடிபடும் வேலை.

வாராந்தரக் கணக்கு தனி: கம்பெனியைப் பொறுத்து 7 நாளில் 60 அல்லது 8 நாளில் 70 மணி. தொடர்ந்து 34 மணி ஓய்வெடுத்தால் அது பூஜ்யத்துக்கு வரும்.

டொராண்டோ பக்கமிருந்து எல்லை தாண்டுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கனடாவின் தெற்குப் பகுதியில் ஒரு நாளைக்கு 13 மணி ஓட்டலாம். 10 மணி ஓய்வில் 8 மணியைத் தொடர்ச்சியாகவும், மீதி 2 மணியை அந்த நாளுக்குள் பிரித்தும் எடுக்கலாம். அமெரிக்க மண்ணில் அந்த 8 செல்லாது. எல்லையைத் தொடும் நாளுக்கு முன்னிரவே பத்து மணி நேரம் முழுதாக ஒரே மூச்சில் ஓய்வெடுத்துவிடுங்கள். வேலை நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவியில் அமெரிக்க விதிக்கு மாற்றியதும் கனடாவில் முந்தைய 7 நாட்களில் செய்த வேலையும் 70-க்குள் சேரும். மிச்சம் எவ்வளவு என்பதை எல்லைச் சாவடிக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.