பழைய காரின் பிரேக்கில் காற்று எடுக்கும் முறை

பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கி, அடுத்தடுத்து மிதித்த பிறகே இறுகுமானால், பிரேக் ஆயில் ஓடும் குழாய்க்குள் காற்று புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பின்சக்கர டிரம்மில், அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூவின் இடைவெளி கூடினாலும் மிதி ஆழமாக இறங்கும் என்பதால், அதை முதலில் சரிசெய்துவிடுங்கள்.

மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் மூடியிலோ கையேட்டிலோ குறித்துள்ள வகை பிரேக் ஆயிலையே, முத்திரை உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டும். டாட் 4 (DOT 4) வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடலாம். சிலிக்கோனால் ஆன டாட் 5 வகையை இதனுடன் கலக்கவே கூடாது.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றிய பின் வருவதுதான் என்னை மிகவும் சோதித்த கட்டம்: காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகான பிளீடர் நிப்பிள் துருவேறியிருப்பது. அது உள்ளே துளையுள்ள மெல்லிய திருகு என்பதால், வலுவைக் காட்டினால் முறிந்து, பாதி காலிப்பருக்குள்ளேயே (பிரேக் டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் பாகம்) தங்கிவிடும். முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுங்கள். காலையில் கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு அசைத்த பிறகே தளர்த்துங்கள். வாய் திறந்த ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும். ஆறுமுனை சாக்கெட்டால் தளர்த்தி, பிறகு ரிங் ஸ்பேனருக்கு மாறுவதே என் வழக்கம்.

மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொதுவான முறை. ஒரு முன்சக்கரத்தையும் எதிர்ப்பக்கப் பின்சக்கரத்தையும் குறுக்காக இணைத்த கார்களில் வரிசை மாறும் என்பதால் கையேடு சொல்வதே முடிவு. நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் புது ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்க வையுங்கள். உதவிக்கு இருப்பவர் மிதித்துப் பிடித்திருக்கும்போது கால் சுற்று திறந்து, குமிழி வெளியேறியதும் மூடுங்கள்; நீங்கள் "மூடிவிட்டேன்" என்று சொன்ன பிறகே அவர் காலை எடுக்க வேண்டும், இல்லையேல் காற்று மீண்டும் உள்ளே இழுபடும். குமிழியே இல்லாமல் தெளிந்த ஆயில் வரும்வரை இதைத் தொடருங்கள். இடையிடையே மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் தொட்டியை நிரப்ப மறக்காதீர்கள்.

பழைய காரில் மிதியைத் தரைவரை அமுக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டருக்குள் வழக்கமாக பிஸ்டன் எட்டாத பகுதியில் துரு படிந்திருக்கும். அதன்மேல் உரசினால் ரப்பர் சீல் கிழியும். மிதிக்கடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும்.

நிப்பிள் வழியாக ஆயிலை உறிஞ்சி எடுக்கும் வெற்றிடப் பம்பை நான் விரும்புவதில்லை. திருகின் மரை வழியாகவும் காற்றை உறிஞ்சுவதால் குமிழி நிற்காது. வேலை முடிந்ததா என்பதும் தெரியாது.

வண்ணப்பூச்சின்மேல் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பின்சேர்க்கை: பின்சக்கரத்தில் ஆயில் மிகக் குறைவாக வருகிறது என்று கேட்டவர்களுக்கு: சில கார்களில் பின்பக்கச் சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு உண்டு, சக்கரம் தொங்கும்போது அது ஓட்டத்தைக் குறைத்துவிடும், ஆகவே பின் அச்சுக்கு முட்டுக்கொடுத்துச் செய்யுங்கள். காலிப்பர் மாற்றிய பிறகும் மிதி இறுகவில்லையென்றால், நிப்பிள் மேற்புறம் இருக்கிறதா என்று பாருங்கள். இடவலம் மாற்றிப் பூட்டியிருந்தால் அது கீழே போய்விடும். எத்தனை முறை மிதித்தாலும் மேலே தங்கிய காற்று வெளியேறாது.