மேக்ரமே சால்வை: ஒயர் கூடைக் கை செய்யும் தவறுகள்

கடலூர்ப் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் பலருக்கும் முடிச்சு புதிதில்லை. பள்ளி விடுமுறைகளில் ஒயர் கூடை பின்னியிருப்போம். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று சொன்னால் கை தானாகப் போட்டுவிடும். அதனால் கயிற்றை வெறும் கையால் முடிச்சுப் போட்டே பின்னும் மேக்ரமே கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சீக்கிரமே பூந்தொட்டி உறி, சுவரில் மாட்டும் தொங்கல் எல்லாம் முடித்துவிடுகிறார்கள். சால்வை தொடங்கும்போதுதான் கை தடுமாறுகிறது. கூடைக்கு விறைப்பு வேண்டும். சால்வை தோளில் துவண்டு விழ வேண்டும். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, கை இந்த வித்தியாசத்தை மறந்துவிடுவதால் வருபவை.

என் முதல் சால்வை அம்மாவுக்காகப் பின்னியது. மார்கழி விடியற்காலையில் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது போர்த்திக்கொள்ளட்டும் என்று 3 மி.மீ. பருத்திக் கயிற்றில், இடைவெளியே இல்லாமல் நெருக்கமாகப் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மா இரண்டு நாள் போர்த்திக்கொண்டு போனார். மூன்றாம் நாள் பழைய துண்டை எடுத்துக்கொண்டார். கேட்டபோது, "தோள் வலிக்குதும்மா, நடந்தா சரிஞ்சிடுது" என்றார். அன்றுதான் எனக்குக் கயிற்றின் எடை உறைத்தது.

கடையில் மேக்ரமே கயிறு என்று கேட்டால் பெரும்பாலும் 3 அல்லது 4 மி.மீ. கயிற்றை எடுத்துப் போடுவார்கள். அது சுவருக்கானது. சால்வைக்கு 1.5 மி.மீ. போதும், மிஞ்சினால் 2. பருமன் பாதியானால் ஒரு மீட்டரின் எடை ஏறக்குறைய கால் பங்காகிவிடும், அதனால் சின்ன வித்தியாசம்கூடத் தோளில் பெரிதாகத் தெரியும். மொத்தமாக வாங்குவதற்கு முன் 10 மீட்டர் மட்டும் வாங்கி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அது 12 கிராம் என்றால், 360 மீட்டர் பிடிக்கும் சால்வை 432 கிராம் வரும். அரை கிலோவுக்குள் நின்றால் நாள் முழுக்கப் போர்த்தலாம்.

பளபளவென்று மின்னும் கயிறு கிடைத்தால் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணியாக உறையும். கைப்பைக்கு அது சரி. நம் கடற்கரைப் புழுக்கத்தில் கழுத்தைச் சுற்றிப் போட அது ஆகாது.

இரண்டாவது பெரிய தவறு தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. சுவர்த் தொங்கலுக்குச் செய்வதுபோல நூலை இரண்டாக மடித்து, கோலில் மாட்டி, மேலிருந்து கீழே பின்னிக்கொண்டு போவார்கள். சால்வை முடியும்போது ஒரு முனையில் அழகான குஞ்சம் இருக்கும், மறுமுனையில் கோலை உருவிய விறைப்பான விளிம்பு இருக்கும். நூலும் ஆள் உயரத்துக்கு மேல் தொங்கி, ஒவ்வொரு முடிச்சிலும் சிக்கும். சால்வையை நடுவிலிருந்து தொடங்குங்கள். நூல்களை அடுக்கி, அவற்றின் நடுப்புள்ளியைத் தெர்மோகோல் பலகையில் ஒரே கோட்டில் குண்டூசியால் குத்தி, ஒரு பாதியைப் பின்னுங்கள். பிறகு பலகையைத் திருப்பி மறுபாதி. மீதி நூலை விரலில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டால் சிக்கே விழாது. இரண்டு முனையும் ஒரே மாதிரி குஞ்சத்தோடு முடியும்.

நூல் போதாமல் நின்றுபோவதற்குக் காரணம், மனக்கணக்கில் வெட்டுவது. நான் போடும் கணக்கு இது. சால்வை 150 செ.மீ., அதில் பாதி 75. இடைவெளி விட்டுப் போடும் மாற்று வரிசைச் சதுர முடிச்சுக்கு அதன் மூன்று மடங்கு, 225. குஞ்சத்துக்கு 20. ஆக ஒரு பக்கத்துக்கு 245, இரண்டு பக்கத்துக்கும் 490 செ.மீ. 5 மீட்டராக வெட்டிவிடுவேன். 45 செ.மீ. அகலத்துக்கு 72 நூல் வைத்தால் மொத்தம் 360 மீட்டர். நெருக்கமாகப் பின்னுகிறவர்களுக்கு மூன்று மடங்கு பற்றாது. நான்கு, ஐந்து மடங்குகூட இழுக்கும். ஒவ்வொருவர் கையும் வேறு. அதனால் ஒரு சாண் அளவுக்கு மாதிரி பின்னி, எவ்வளவு நூல் போனது என்று அளந்துவிட்டு வெட்டுங்கள். அந்த மாதிரியைத் துவைத்து உலர்த்தி மறுபடி அளந்தால், துணி சுருங்குமா நீளுமா என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முடிச்சுக்கு வருகிறேன். சதுர முடிச்சுக்கு நான்கு இழை. நடுவில் இரண்டு சும்மா இருக்க, வெளியே உள்ள இரண்டும் வேலை செய்யும். முதல் பாதியை இடப்பக்கத்திலிருந்து போட்டால் இரண்டாம் பாதியை வலப்பக்கத்திலிருந்து போட வேண்டும். பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரே பக்கத்திலிருந்து இரண்டு முறை போட்டுவிட்டால், முடிச்சு முறுக்கிக்கொண்டு திரும்பிவிடும். இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு முடிச்சுக்குள் முன்பக்கமாகக் குறுக்கே போகும் இழை எப்போதும் ஒரே இழைதான். முதல் பாதியில் இடமிருந்து வலம் போன அதே இழை, இரண்டாம் பாதியில் வலமிருந்து இடம் திரும்பி வரும். மற்றது எப்போதும் பின்னால்தான் ஓடும். "முன்னால் போனது எது?" என்று ஒரு நொடி பார்த்துவிட்டுப் போட்டால் பிசகாது.

வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். 72 இழையில் ஒரு வரிசைக்கு 18 முடிச்சு. அடுத்த வரிசையில் பக்கத்துப் பக்கத்து முடிச்சுகளிலிருந்து இரண்டிரண்டு இழை எடுத்துச் சேர்ப்பதால் 17, பிறகு மீண்டும் 18. மாற்று வரிசை என்பது இதுதான். அந்த 17 வரிசையில் இரண்டு ஓரங்களிலும் இரண்டிரண்டு இழை சும்மா நிற்கும். அவற்றை இழுத்துப் பிடித்தால் ஓரம் சுருக்கு விழுந்து, நடு மட்டும் உப்பி நிற்கும். பக்கத்துக் கண், அதாவது முடிச்சுகளுக்கு நடுவிலுள்ள ஓட்டை, எவ்வளவு தளர்வோ, ஓரத்துக்கும் அவ்வளவு தளர்வு விடுங்கள்.

இறுக்கம்தான் ஒயர் கூடைக் கைக்குப் பெரிய சோதனை. கூடையில் "நல்லா இழு" என்று பழகிய கை, பருத்தி நூலையும் அப்படியே இழுக்கும். முடிச்சு கல் மாதிரி ஆகிவிடும், சால்வை மடியாது. நான் கற்றுக்கொடுக்கும்போது பூக்கட்டுவதை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். மல்லிகையின் காம்பு நசுங்கக்கூடாது, பூவும் நழுவக்கூடாது. விரலுக்கு அந்த அளவு ஏற்கெனவே தெரியும். கோபமாக இருக்கும் நாளிலும் அவசரத்திலும் போட்ட வரிசைகள் தனியாகத் தெரியும் என்பதால், ஒரு வரிசையை நடுவில் விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

வரிசைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடுவதும் தவறே. தேவனாம்பட்டினத்துக் கரையில் வலை சரிசெய்யும் ஒரு பெரியவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு பட்டையான குச்சியைக் கீழே வைத்து, நூலை அதன்மேல் சுற்றி, பிறகுதான் முடிச்சை அழுத்துகிறார். "கண்ணு மாறிப்போச்சுன்னா வலை ஒரு பக்கமா இழுக்கும் பாப்பா" என்றார். வீட்டுக்கு வந்து அட்டையில் 2.5 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினேன். முந்தைய வரிசைக்குக் கீழே அதை வைத்து, அதன் கீழ்விளிம்பில் முடிச்சு உட்காரும்படி போடுகிறேன். அதற்குப் பிறகு என் சால்வை எதுவும் கோணவில்லை. கண்களை இதைவிடப் பெரிதாக விடாதீர்கள். ஜிமிக்கியும் வளையலும் மாட்டி இழுக்கும்.

சாயத்தைச் சோதிக்காமல் வண்ண நூலை வெள்ளையோடு சேர்ப்பது மனம் நோகும் தவறு. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேற்றிய 'கினே' என்ற நீலத் துணி, செனகலில் பணம் போலவே புழங்கியது. அதற்குப் பயன்பட்ட அவுரி நீலம் இன்றும் நூலில் கிடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நிறம். ஆனால் அது இழையின் மேற்பரப்பில்தான் அதிகம் தங்கும், உரசினால் ஒட்டும். ஈரமான வெள்ளைத் துணியால் நூலை அழுத்தித் தேயுங்கள். கறை வந்தால், தண்ணீர் தெளியும் வரை அலசி உலர்த்திய பிறகே வெட்டுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள்; சரியாகப் பிடிக்காத சாயத்தை உப்பு பிடிக்கவைக்காது.

நுனிகளைக் கொளுத்தி ஒட்டும் பழக்கம் நைலான் போன்ற செயற்கை இழைக்கு மட்டும். பருத்தி கருகும். நான்கு இழையைச் சேர்த்து ஒரு சாதா முடிச்சுப் போட்டு, கீழே ஒரே மட்டமாகக் கத்தரித்தால் போதும். குஞ்சம் 15 செ.மீ.க்கு மேல் போகாமல் வையுங்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சால்வையின் இரு முனையையும் மடியில் இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள். துப்பட்டா சக்கரத்தில் சிக்கி நடக்கும் விபத்துகள் நமக்குத் தெரியாதவை அல்ல.

துவைத்த சால்வையைக் கொடியில் தொங்கவிட்டால், ஈரத்தின் கனத்தில் முடிச்சுகளுக்கு இடைப்பட்ட நூலெல்லாம் கீழே இழுபட்டு, சால்வை நீண்டு ஒடுங்கிவிடும். கையால் அமுக்கித் தண்ணீரை எடுத்து, ஒரு துண்டில் சுருட்டி அழுத்திவிட்டு, கயிற்றுக் கட்டிலில் பரப்பி உலர்த்துங்கள். காற்று கீழிருந்தும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முடிச்சின் உள்பக்கம் காய மூன்று நாள்கூட ஆகும். மேலே தொட்டால் உலர்ந்ததுபோல இருக்கும், அதை நம்பி பீரோவில் மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு முடிச்சை விரலால் நசுக்கி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு நாள் மின்விசிறிக்குக் கீழே கிடக்கட்டும்.