உறுமி மேளப் பதிவில் ட்ராக் மிச்சப்படுத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், கடைவீட்டு மாடியிலோ தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்னறையிலோ தங்கள் பாடல்களைத் தாங்களே பதிவு செய்ய முனையும் உறுமி மேளக் குழுக்களின் கையில் 8 ட்ராக் ரெக்கார்டர் (எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியே பதியும் கருவி) ஒன்றுதான் இருக்கும் என்றால், உறுமி, பம்பை, தவில், தப்பு, சலங்கை ஆகியவற்றைப் பதிந்து முடிப்பதற்குள் ஐந்து ட்ராக்குகள் போய்விடும். மீதமுள்ள மூன்றில் பாடகர், கோரஸ், கீபோர்டு எல்லாம் அடங்க வேண்டும். எனவே தாளக் கருவிகளை மட்டும் தனியே மிக்ஸ் செய்து, அந்தத் துணை மிக்ஸை இரண்டு ட்ராக்குகளில் ஸ்டீரியோவாக மறுபடி பதிந்து, பழைய ஐந்தையும் காலி செய்துகொள்கிறார்கள். இதுவே பவுன்ஸ்.

கேசட் காலத்தில் ஒவ்வொரு பவுன்ஸிலும் நாடாவின் இரைச்சல் கூடியது. டிஜிட்டலில் அந்த இழப்பு இல்லை என்பதால், எப்போது வேண்டுமானாலும் பவுன்ஸ் செய்யலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. நாம் கேட்கும் பெரும்பாலான பிழைகள் இங்கிருந்தே பிறக்கின்றன. ஏனெனில் கருவிகளுக்கு இடையிலான அளவு அந்த நொடியில் உறைந்துவிடுகிறது.

குரல் இல்லாமல் தாளத்தை மட்டும் கேட்டு அளவைத் தீர்மானிப்பதே இவற்றில் மிகப் பெரிய தவறு. தனியாகக் கேட்கும்போது சலங்கை துலக்கமாகவும், வளைந்த குச்சியால் தேய்த்தெழும் உறுமியின் முனகல் நிறைவாகவும் இருக்கும். பிறகு பாடகர் பாடும்போது, சொற்களின் மெய்யெழுத்துகள் தெளிவு பெறும் அதே உயர் அதிர்வெண்களில் சலங்கை நின்றுகொண்டு வரிகளை மறைக்கும். அதை மட்டும் குறைக்க வழியில்லை. ஈக்வலைசரால் அந்தப் பகுதியை வெட்டினால் தவிலின் கூர்மையும் சேர்ந்து போய்விடும். ஆகவே முதலில் ஒரு ட்ராக்கில் பாடலை மாதிரியாகப் பாடிப் பதிந்துகொண்டு, அதனோடு சேர்த்துக் கேட்டே தாளத்தின் அளவை அமைக்க வேண்டும். பவுன்ஸ் பொத்தானை அழுத்துவதற்கு முன் அந்த மாதிரிக் குரலையும் தாளம் தவறாமலிருக்க ஓடவிடும் மெட்ரோனோம் ஒலியையும் மறக்காமல் மியூட் செய்ய வேண்டும். மெல்லியதாகக் கலந்துவிட்டாலும் அவற்றைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது.

ரிவெர்பை (எதிரொலி போன்ற முழக்கத்தை) தாராளமாகச் சேர்த்து பவுன்ஸ் செய்வதையும் நான் ஏற்பதில்லை. பின்னர் கூட்டலாம், குறைக்க இயலாது. எல்லா ட்ராக்குகளும் கலந்து வெளியேறும் மாஸ்டரில், ஒலியின் உச்சங்களை அழுத்தும் லிமிட்டரை இயக்கத்தில் விட்டுவிட்டால், தாளம் இப்போது ஒருமுறையும் இறுதி மிக்ஸில் மறுமுறையும் அழுத்தப்பட்டு உயிரிழந்து ஒலிக்கும். இடம், வலம் பிரிப்பும் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுவதால் ஒருமுறை மோனோவில் (இரு பக்கத்தையும் ஒன்றாகக் கலந்து) கேட்டுப் பார்ப்பது நல்லது. கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கிகளில் பாடல் பெரும்பாலும் மோனோவாகத்தான் ஒலிக்கும்.

அளவைப் பொறுத்தவரை, ஐந்து கருவிகளும் ஒரே அடியில் சேரும் இடத்தைத் தேடிக் கேளுங்கள். ஒரே மாதிரியான இரண்டு ஒலிகள் கூடினாலே 6 டெசிபெல் உயரும். உச்சம் −6 டெசிபெல் அளவில் (சிவப்பு விளக்கு எரியும் 0 எல்லைக்கு 6 டெசிபெல் கீழே) நிற்கும்படி வைத்து, 24 பிட் வேவ் கோப்பாக பவுன்ஸ் செய்தால் போதும். சிவப்பு விளக்கு எரிந்த பவுன்ஸைப் பிறகு ஒலியைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. இடம் மிச்சமாகும் என்று எம்பி3யைத் தேர்ந்தெடுத்தால் தரம் குறைவதோடு, கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்து தாளம் குரலுக்குப் பிந்திவிடக்கூடும். பாடலின் நடுவிலிருந்து பவுன்ஸ் செய்யாமல் எப்போதும் பூச்சியத்திலிருந்து தொடங்கினால் கோப்புகள் தாமாகவே பொருந்தும்.

மூல ட்ராக்குகளை வேறிடத்தில் பிரதி எடுக்காமல் அழிப்பதற்கு இன்று எந்தக் காரணமும் இல்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஐந்து நிமிட மோனோ ட்ராக் ஒன்று ஏறத்தாழ 43 மெகாபைட். தாளத்தின் ஐந்து ட்ராக்குகளும் சேர்ந்து 216 மெகாபைட்தான். ஒரு சிறிய பென்டிரைவிலேயே பல பாடல்களின் மூலங்கள் அடங்கும். மழை ஜிங்க் கூரையில் அடங்கும்வரை காத்திருந்து பிடித்த உறுமியை மறுபடி பதிவது எளிதல்ல.

மடிக்கணினியில் ரீப்பர் போன்ற மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ட்ராக் எண்ணிக்கையில் வரம்பு இல்லை. கணினியின் பிராசசர் மீது ஏறும் சுமையே சிக்கல். அவர்கள் ட்ராக்கை ஃப்ரீஸ் செய்தால் (எஃபெக்டுகளோடு தற்காலிக ஒலிக்கோப்பாக மாற்றினால்) சுமை குறையும், வேண்டும்போது பழைய நிலைக்கும் திரும்பலாம்; பவுன்ஸ் செய்யத் தேவையே இராது.