செஸ்கா கதிரைக்குப் புதுப் பிரம்பு போடும் முறை

பின்னங்கால் இல்லாத வளைகுழாய்க் கதிரை. 1928இல் மார்சல் புரோயர் வடிவமைத்தது, தோனெட் நிறுவனம் பி32 என்று விற்றது, செஸ்கா என்ற பேர் பிறகு வந்தது. நகல்கள் ஏராளம், அவற்றுக்கும் இதே வேலைதான்.

முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மரச்சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னியது, இந்த முறை சரிவராது. மேற்புறத்தில் பள்ளம் ஓடி, அதற்குள் ஒரு பிரம்புக்கீற்று இறுகியிருந்தால் தொடருங்கள். கடையில் அந்தக் கீற்றை ஸ்பிளைன் என்று கேட்க வேண்டும்.

திருகாணிகளைக் கழற்றி, மரச்சட்டத்தைக் குழாயிலிருந்து பிரித்தெடுங்கள். உப்புக்காற்றில் குழாயில் ஏறிய கறளுக்கு, கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். குரோம் கொப்புளித்து உரிந்திருந்தால் இது உதவாது, திரும்ப முலாம் பூசத்தான் வேண்டும்.

பலர் சட்டத்தைக் கெடுப்பது பழைய ஸ்பிளைனை எடுக்கும்போதுதான். உளியை நேரே செருகி நெம்பினால் பள்ளத்தின் விளிம்பு சில்லாகப் பெயரும். ஸ்பிளைனின் இரு பக்கமும் கூரிய கத்தியால் கீறி, சூடாக்கிய வின்னாகிரியை அந்தக் கீறலில் விட்டு, ஈரச்சீலையால் மூடி இரண்டு மூன்று மணித்தியாலம் வையுங்கள். பிறகு பின்பக்கத்தில் இரு முனையும் சந்திக்கும் இடத்தைத் தேடி, பள்ளத்தைவிட ஒடுங்கிய உளியால் அங்கிருந்து கிளப்புங்கள். வரவில்லையா? இன்னும் ஊறட்டும். பள்ளத்தில் பழைய பசை துளியும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் புதுக்கீற்று மட்டத்துக்கு இறங்காது.

பள்ளத்தின் அகலத்தை அளந்து, அதைவிட ஏறத்தாழ 1 மி.மீ. மெல்லிய ஸ்பிளைன் வாங்குங்கள். மிச்ச இடம் பிரம்புக்கு.

ஆயத்தமாகப் பின்னி விற்கும் புதுப் பிரம்புப் பின்னலைப் பள்ளத்துக்கு வெளியே எல்லாப் பக்கமும் 3 செ.மீ. கூட விட்டு வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் முக்கால் மணித்தியாலம் ஊறவிடுங்கள். ஸ்பிளைனுக்கு 20 நிமிடம். பளபளப்பான பக்கம் மேலே. பின் நடு, முன் நடு, பிறகு இரு பக்கம் என்ற ஒழுங்கில் மர ஆப்பால் பள்ளத்துக்குள் இறக்குங்கள். ஒரு மூலையில் தொடங்கினால் பின்னலின் கண்கள் கோணலாகிவிடும். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் வேலை முடியுமுன்பே பிரம்பு காய்ந்து முறியும், ஈரச்சீலை பக்கத்தில் இருக்கட்டும்.

மிஞ்சிய ஓரத்தைப் பள்ளத்தின் வெளிச்சுவருக்குச் சற்றுக் கீழே வெட்டி, வெள்ளை மரப்பசை விட்டு, மரச்சுத்தியலால் ஸ்பிளைனைத் தட்டி இறக்குங்கள். எப்பொக்சி கூடவே கூடாது: அடுத்த முறை கழற்றவே முடியாது. இரண்டு நாள் நிழலில் காயட்டும், அதுவரை இருக்க வேண்டாம். வாடைக்காலத்தில் நாலு நாள்.

பிற்சேர்க்கை: பூஞ்சணத்துக்குப் பயந்து அடிப்பக்கமும் வார்னிஷ் பூசலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். பின்னல் தொய்ந்தால் அடியில் ஈரச்சீலை வைத்துக் காயவிட்டுத்தான் இறுக்க முடியும். வார்னிஷ் பூசிய பிரம்பு தண்ணீரை இழுக்காது.