கர்ப்பப்பையை எடுத்தாச்சு, அப்புறம்தான் பயாப்ஸி ரிசல்ட் வந்தது

மாதவிடாய் நின்று நாலு வருடம் ஆன பெண்ணுக்கு மறுபடி ரத்தம் படுகிறது. ஸ்கேன் எடுத்ததும், "வயசாச்சு, இனி எதுக்கு? எடுத்துடலாம்" என்று அடுத்த வாரமே ஆபரேஷன். தியேட்டர் வாசலில் நிற்கும் சொந்தக்காரர்களிடம் கர்ப்பப்பையைத் தட்டில் வைத்துக் காட்டுகிறார்கள். நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். பத்து நாள் கழித்து ரிசல்ட்: கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்.

இந்த நோயில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். ஆபரேஷனுக்கு முன்பே கர்ப்பப்பை வாயைக் கண்ணால் பார்த்து, சந்தேகமான இடத்தில் துளி சதை எடுத்து சோதித்திருக்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வையும் பார்க்க வேண்டும். தெரியாமல் சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், கட்டியின் மிச்சம் உள்ளேயே தங்கிவிடலாம். பிறகு கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைப்பதும் சிக்கல். உள் கதிர்வீச்சுக்கான மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைக்குள்தான் செருகுவார்கள். இப்போது அதற்கு இடமே இல்லை. காலியான இடத்தில் குடல் இறங்கிவிடுவதால் அதற்கும் கதிர் அதிகம் படும்.

"சதை எடுத்தா பரவிடும்" என்ற பயத்துக்குக் கர்ப்பப்பை வாய் விஷயத்தில் ஆதாரம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அதே பயம் சினைப்பைக் கட்டிக்குக் கொஞ்சம் பொருந்தும். சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் புற்றுநோய்க் கட்டி உடைந்து வயிற்றுக்குள் சிந்தினால், முதல் ஸ்டேஜிலேயே ஒரு படி கூடிவிடும். சந்தேகமான நீர்க்கட்டியை ஊசியால் உறிஞ்சிப் பார்க்கக் கூடாது, முழுசாகத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த தவறு வீட்டுக்காரர்கள் பக்கம். "ஆபரேஷன் பண்ண முடியாதுன்னுட்டாங்க, கைவிட்டுட்டாங்க" என்று அழுதுகொண்டே வேறு ஊருக்கு ஓடுவார்கள். கர்ப்பப்பை வாய்க் கட்டி 4 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, பக்கத்துத் திசுவுக்குப் போயிருந்தாலோ, கரண்டும் வாரம் ஒரு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ ஊசியும்தான் குணப்படுத்தும் வைத்தியம். 1999 முதல் உலகம் முழுக்க இதுதான் வழக்கம். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி அப்புறம் வெட்டலாமே என்ற யோசனையை மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை சோதித்துப் பார்த்தது. 2018இல் வந்த முடிவு: 5 வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், ஆபரேஷன் வழியில் 69.3 சதவீதம், கரண்ட் வழியில் 76.7 சதவீதம். கத்தி வைப்பவர் கிடைக்கும்வரை அலைந்தால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

ஆரம்பக் கட்டத்தில் ஆபரேஷன் சரிதான். ஆனால் முழுமையான புற்றுநோய் ஆபரேஷனுக்கு லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியாகச் செய்வது) வேண்டாம். அதே 2018இல் இன்னொரு ஆய்வில், நாலரை வருடத்தில் நோயில்லாமல் இருந்தவர்கள் வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 86 சதவீதம். தழும்பு சின்னது என்பதற்காக அதைக் கேட்டு வாங்காதீர்கள்.

கரண்ட் ஆரம்பித்தபின் நடக்கும் கோளாறு இன்னொன்று. உடம்புக்கு வெளியிலிருந்து மெஷினால் கொடுக்கும் இருபது, இருபத்தைந்து நாள் வெளிக்கதிர் முடியும்போது ரத்தப்போக்கு நின்றிருக்கும், சாப்பாடு இறங்கும். "சரியாயிடுச்சு" என்று சொல்லி உள் கதிர்வீச்சுக்கு வராமல் நின்றுவிடுவார்கள். கட்டியின் மையத்துக்கு முழு அளவு கதிர் போவதே அதில்தான். வெளிக்கதிரோடு நிறுத்திவிட்டால் பாதி வைத்தியம்தான். எல்லாம் சேர்த்து 56 நாளுக்குள் முடிய வேண்டும். பொங்கல், தங்கச்சி கல்யாணம், மெஷின் ரிப்பேர் என்று இழுத்துக்கொண்டே போனால் பலன் குறையும். விடுபட்ட நாளை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று டாக்டரிடமே கேளுங்கள், அவர்களிடம் அதற்கு வழி உண்டு. ஹீமோகுளோபின் இறங்குகிறதா என்றும் வாரா வாரம் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தாலும் எடுத்த உறுப்பு பயாப்ஸிக்குப் போனதா, ரிப்போர்ட் எப்போது வரும் என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டுவிடுங்கள். தட்டில் பார்த்ததோடு விடாதீர்கள். புற்றுநோய் என்று வந்தால் ரிப்போர்ட்டோடு கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) வாங்கிக்கொண்டு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே முதல் நாளே கேட்பது அதைத்தான்.